பிளேனர் ட்ராக் போதுமா, கெமரா சோல்வ் செய்ய வேண்டுமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: கலியாண வீடியோ ஒன்றில் மண்டபத்துப் பெயர்ப்பலகையில் மாப்பிள்ளை, பொம்பிளை பெயர்கள் வரவேண்டும். அதே வீடியோவில் கடற்கரை மணலில் முப்பரிமாண எழுத்துகள் நிற்கவேண்டும், கெமரா அவற்றைச் சுற்றி நடக்கும். இரண்டுக்கும் பிளேனர் ட்ராக், அதாவது தட்டையான ஒரு பரப்பின் அசைவை மென்பொருளால் பின்தொடர்வது, போதுமா?

பலகைக்குப் போதும். எழுத்துகளுக்குப் போதாது, கெமரா சோல்வ் (கெமரா நடந்த பாதையையே கணக்கிட்டு எடுப்பது) செய்யத்தான் வேண்டும்.

பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு வசனத்தை நான் விளங்கிக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நான் திருகோணமலையில் கலியாண வீடியோ எடிட் செய்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன் கூட்டாளி ஒருவன் 1985இல் நடக்கிற கதை ஒன்றைக் குறும்படமாக எடுத்தான். கையில் காசில்லை. "எஃபெக்ட்ஸ் எல்லாம் நீ பார் மச்சான்" என்று என் தலையில் கட்டிவிட்டான். மொத்தம் மூன்று ஷொட்: ஒரு கடைப் பலகை, மணலில் நிற்கிற ஒரு மரத் தந்திக்கம்பம், தூரக் கடலில் ஒரு கப்பல். மூன்றுக்கும் மூன்று விதமான ட்ராக்கிங் தேவைப்பட்டது. அது தெரியாமல் பலகைக்குச் செய்ததையே மற்ற இரண்டுக்கும் செய்யப் போனேன்.

பலகையில் இருந்தே தொடங்குகிறேன். டவுனில் ஒரு பழைய கடை. தகரக் கூரை, மரக் கதவு எல்லாம் கதைக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. பலகையில் மட்டும் 077 என்று தொடங்கும் ஒரு நம்பர் கொழுத்த எழுத்தில் இருந்தது. இலங்கைக்குச் செல்போன் வந்ததே 1989இல். பலகையைக் கழற்றக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே புதிதாக ஒரு பலகையை வரைந்து, படத்தில் அதன் மேல் ஒட்டவேண்டும்.

தட்டையான ஒரு பரப்பு கெமரா முன்னால் எப்படித் திரும்பினாலும், அதன் நான்கு மூலைகளும் எங்கே போயின என்று தெரிந்தால் போதும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் எங்கே போனது என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். நான்கு மூலை, மூலைக்கு இரண்டு எண், ஆக எட்டு எண்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் அந்த எட்டைக் கண்டுபிடிப்பதுதான் பிளேனர் ட்ராக்கரின் முழு வேலையும். ஆனால் அது மூலைகளைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. நாம் கீறிக் கொடுக்கும் எல்லைக்குள் உள்ள எழுத்து, துரு, கீறல், நிறத்திட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால் ஒரு மூலையை ஓட்டோ மறைத்தாலும், பாதிப் பலகை பிரேமுக்கு வெளியே போனாலும் பிடியை விடாது.

இதற்கு நான் பாவித்தது மொக்கா என்ற பிளேனர் ட்ராக்கர். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற எஃபெக்ட்ஸ் மென்பொருளோடு சேர்ந்தே வருகிற சிறிய பதிப்புத்தான், தனியாகக் காசு கொடுக்கவில்லை. புதிதாகத் தொடுகிறவர்கள் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள், நானும் தடுமாறினேன்: ட்ராக் செய்வதற்காக நாம் கீறுகிற கோடு வேறு, படத்தை ஒட்டுகிற நான்கு மூலைச் சட்டம் வேறு. கோடு பலகையின் விளிம்பில் துல்லியமாக இருக்கத் தேவையில்லை. கொஞ்சம் வெளியே தள்ளிக் கீறினால் விளிம்பும் ட்ராக்கருக்கு உதவும், பலகைக்குப் பின்னால் வேறு ஆழத்தில் உள்ள பொருள் மட்டும் உள்ளே வரக்கூடாது. சட்டத்தைத்தான் பலகையின் நான்கு மூலையிலும் சரியாகப் பொருத்தவேண்டும். பலகை பெரிதாகவும் தெளிவாகவும் தெரிகிற பிரேமில் தொடங்கி முன்னுக்கும் பின்னுக்கும் ட்ராக் செய்யுங்கள். முதல் பிரேமில்தான் தொடங்கவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

எனக்குத் தொல்லை தந்தது காலை வெயில். பெயின்ட் பூசிய தகரத்தில் விழுந்த பளபளப்பு, கெமரா நகர நகரத் தானும் வழுக்கிப் போனது. ட்ராக்கர் அந்த வெளிச்சத்தையும் பலகையின் ஒரு பகுதி என்று நம்பி, இருபது பிரேமுக்குள் சட்டத்தை ஒரு விரல் அகலம் இழுத்துவிட்டது. பளபளப்பைச் சுற்றி இன்னொரு கோடு கீறி, இதற்குள் பார்க்காதே என்று கழித்துவிட்டதும் சரியானது. அப்புறமும் பலகை ஸ்டிக்கர் ஒட்டினமாதிரித்தான் தெரிந்தது. அது ட்ராக்கின் குற்றமில்லை. அசைவில் மற்ற எல்லாம் கலங்கி இருக்க என் பலகை மட்டும் கூராக இருந்தது, அதோடு காலை நேரப் பனிப்புகாரில் கடைக்குள் இருந்த கறுப்பு சாம்பல் நிறமாக இருக்க என் எழுத்து மட்டும் மைக்கறுப்பாக இருந்தது. மோஷன் பிளர் போட்டு, கறுப்பைக் கொஞ்சம் தூக்கியதும் கடைக்காரரே "எப்ப மாத்தினீங்கள்?" என்று கேட்டார்.

அந்தத் துணிவோடு கம்பத்துக்கு வந்தேன். திருகோணமலை டச் பே கடற்கரை மணலில் நடிகர் நடக்கிறார், கெமரா பக்கவாட்டில் கூடவே நடக்கிறது. நடுவில் ஒரு தந்திக்கம்பம் வேண்டும். மணல் தட்டைதானே, அதில் காலடித் தடங்களும் நிறையத்தானே என்று மணலைப் பிளேனர் ட்ராக் செய்து கம்பத்தின் படத்தை அதன் மேல் வைத்தேன். அடி மண்ணில் ஊன்றி நின்றது, தலை குடிகாரன்போல ஆடியது. எத்தனை தரம் திருத்தினாலும் அதே ஆட்டம்தான்.

காரணம் லேசானது. அந்த எட்டு எண்களுக்கும் தெரிந்தது மணல் பரப்பு மட்டும். மணலைவிட்டு மேலே எழும்பி நிற்கிற பொருளைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. நிலாவெளிக்குப் பஸ்ஸில் போகும்போது ரோட்டோரப் பனைகள் பறக்கும், தூரத்து மேடுகள் மெல்ல ஊரும். இந்த வேக வித்தியாசத்துக்குத்தான் பரலக்ஸ் என்று பெயர். காட்சியில் ஆழம் எவ்வளவு, கெமரா எங்கே இருந்து எங்கே போனது என்பதை இந்த வித்தியாசத்தில் இருந்துதான் பின்னோக்கிக் கணக்கிடமுடியும். அந்தக் கணக்குத்தான் கெமரா சோல்வ். அது பொருளை ஒட்டித்தருவதில்லை. உங்கள் கெமரா நடந்த அதே பாதையில் நடக்கிற ஒரு பொய்க் கெமராவைத் தருகிறது, கம்பத்தை அந்தக் கெமராவின் முன்னால் நீங்கள் நட்டுக்கொள்ளவேண்டும்.

இதற்கு பிளென்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். 2011 டிசம்பரில் வந்த 2.61 பதிப்பில் இருந்தே கெமரா சோல்வ் அதில் இருக்கிறது, இலவசம். கணக்கைத் தொடங்கத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பிரேமிலும் (கீபிரேம்) தெரிகிற புள்ளிகள் குறைந்தது எட்டு வேண்டும். நான் எட்டோடு நிற்கவில்லை, கொம்பியூட்டரே தேடட்டும் என்று தானாகப் புள்ளி பிடிக்கவிட்டேன். நூற்றுக்கணக்கில் பிடித்துத் தந்தது. சோல்வ் செய்தேன், பிழை 14 பிக்சல். அதாவது கணக்கிட்ட கெமரா வழியாகப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியும் அது உண்மையில் இருக்கிற இடத்தில் இருந்து சராசரியாக 14 பிக்சல் தள்ளித் தெரிகிறது. ஒன்றுக்குக் கீழே வந்தால்தான் பாவிக்கலாம்.

புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. பாதி அலை நுரையில் இருந்தது. உலகம் அசையாது, கெமரா மட்டுமே அசைகிறது என்பதுதான் சோல்வரின் ஒரே நம்பிக்கை. அலை தன்பாட்டில் அசைந்து அந்த நம்பிக்கையைக் கெடுக்கும். நங்கூரம் போட்ட வள்ளம், மேகம், தென்னோலை, நடிகரின் சேர்ட் எல்லாம் அதே சாதி. ஒரு வள்ளத்தின் கம்பு அடிவானத்தை வெட்டுகிற இடத்தில்கூட ஒரு புள்ளி இருந்தது. படத்தில் அது அழகான சிலுவை, உலகத்தில் அப்படி ஒரு இடமே இல்லை.

இவை எல்லாவற்றையும் நீக்கியும் பிழை 5க்குக் கீழே இறங்கவில்லை. இரவு பதினொன்றரைக்கு ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மணலில் ஒரு இடத்தில் ஒன்பது புள்ளிகள் நெருக்கமாக இருந்ததைக் கண்டேன். பெரிதாக்கினால், மான். திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் ரோட்டிலும் அவை ஆடுமாடுபோலத் திரியும். இது படுத்திருந்து அசைபோட்டுக்கொண்டு, பெரும்பாலும் கல்லுமாதிரித்தான் இருந்தது. பழுப்பு முதுகில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ட்ராக்கர் தேடுவதே அப்படிப்பட்ட மாறுபாட்டைத்தான். பேரே புள்ளிமான், பிறகு அதைக் குறை சொல்லி என்ன செய்வது? மூச்சு வாங்கும்போது முதுகு ஏறி இறங்கியது, நடுவில் ஒரு தரம் தலையைத் திருப்பியது. அந்த ஒன்பதையும் அழித்ததும் பிழை 2.1.

மிச்சம் என் பிழை. லென்ஸ் 50 மில்லிமீட்டர் என்று கொடுத்த நான், சென்சர் அகலத்தை 36 மில்லிமீட்டராகவே விட்டிருந்தேன். இரவல் வாங்கிய கெமராவின் சென்சர் அதைவிடச் சிறியது, 23.5. கெமரா எவ்வளவு அகலத்தைப் பார்த்தது என்பதிலேயே பொய் சொல்லிவிட்டு உண்மையான விடையை எதிர்பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தி, லென்ஸின் வளைவுக்கும் கணக்குப் போடவிட்டேன். கரையில் இழுத்துவைத்த வள்ளம், மதில், கற்கள், காலடித் தடங்கள், தூரத்தில் கோணேசர் மலைப் பாறை என்று கிட்ட, நடு, தூரம் மூன்றிலும் முப்பது புள்ளிகளைக் கையால் வைத்தேன். 0.6 வந்தது. முப்பது நல்ல புள்ளி நூற்றுக்கணக்கான குப்பைப் புள்ளிகளைவிட மேல்.

எண் சிறிதானதும் நம்பிவிடாதீர்கள். கடற்கரையில் எடுப்பவருக்கு இலவசமாக ஒரு சோதனை இருக்கிறது. கடலின் அடிவானக் கோடு எப்போதும் கெமராவின் கண்மட்டத்தில்தான் இருக்கும். மணல் ஓரளவு மட்டமாக இருந்து, கெமரா தரையில் இருந்து 5 அடி உயரத்தில் இருந்தால், அதே மணலில் நிற்கிற எதையும் அடிவானம் 5 அடி உயரத்தில் வெட்டும். நான் மறுநாள் டேப்போடு போய், கரையில் கிடந்த வள்ளத்தை அளந்தேன், 18 அடி. அதை வைத்துப் பொய்க் காட்சிக்கு அளவு கொடுத்து, கம்பத்தில் 5 அடியில் ஒரு சிவப்புப் பட்டை வரைந்து பார்த்தேன். அடிவானம் பட்டைக்கு ஒரு சாண் கீழே போனது. மூன்று புள்ளியை வைத்துத் தரையைச் சொல்லிக்கொடுத்திருந்தேன், அதில் ஒன்று மணல் மேட்டில் இருந்தது. அதை மாற்றியதும் கோடு பட்டையில் வந்து உட்கார்ந்தது.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வெட்கம்தான் மிச்சம். கம்பத்தில் கற்ற வித்தையைக் காட்ட, அதற்கும் மூன்று இரவு சோல்வ் செய்து தோற்றேன். கெமரா ட்ரைபொட்டில் நின்று திரும்பியது மட்டும்தான், இடம் மாறவில்லை. இடம் மாறாவிட்டால் பரலக்ஸ் இல்லை, பரலக்ஸ் இல்லாவிட்டால் சோல்வருக்குப் பிடிக்க எதுவும் இல்லை. பிளென்டரில் இதற்கென்றே ட்ரைபொட் என்று ஒரு தெரிவு இருக்கிறது. எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிற கப்பலுக்கு, மலைப் பாறையின் விளிம்பில் இரண்டு புள்ளி வைத்துச் சாதாரண ட்ராக் செய்தது போதும். பத்து நிமிட வேலை.

உங்கள் எழுத்துகளுக்கு வருவோம். கெமராவைக் கையில் பிடித்து நடக்கிறீர்கள் என்றால் ஸ்டெபிலைசேஷனை நிறுத்திவிட்டு எடுங்கள். முக்கியமாக, மென்பொருளால் ஆட்டத்தைக் குறைக்கிற வகை. அது ஒவ்வொரு பிரேமையும் வெவ்வேறு விதமாக வெட்டும், சோல்வருக்கு லென்ஸே ஒவ்வொரு பிரேமிலும் மாறுவதுபோல இருக்கும். வேகமாகத் திருப்பவும் வேண்டாம், படத்தைச் சென்சர் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் நேர்கோடுகள் சரிந்துவிடும். ஸூம் தொடவே வேண்டாம். எழுத்துகள் நிற்கப்போகிற இடத்தைச் சுற்றிக் கல்லு, சிப்பி என்று பத்துப் பதினைந்தைப் போட்டுவையுங்கள், இரண்டு கல்லுக்கு இடையிலான தூரத்தை அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து வந்ததும் கல்லுகள் அதன் காலடியில் இயல்பாகவே இருக்கும், அழிக்கவும் தேவையில்லை.

நீங்களும் டச் பேயில்தான் எடுப்பதாக இருந்தால், பிரேமுக்குள் மான் இருந்தால் அது எழும்பிப் போகும்வரை பொறுங்கள். கையைக் காட்டி விரட்டப் பார்க்காதீர்கள், சாப்பாடு தருகிறீர்கள் என்று நினைத்து இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வரும்.