நான்காம் நாள் மக்கன் பேடா

ஐயா, வணக்கம்.

குடியாத்தத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். வயது 46. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 என்று வந்த நாளிலிருந்து இரவில் இரண்டு சப்பாத்தி, ஒரு வெள்ளரிக்காய். எட்டு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். கூடவே ஒரு புதுப் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சமையல் நிகழ்ச்சி வந்தாலே சேனலை மாற்றுகிற ஆள் நான். இப்போது இரவு பத்து மணிக்கு யாராவது பிரியாணி அண்டாவைத் திறப்பதைப் பார்க்காமல் படுக்க முடியவில்லை. "கதாகாலட்சேபம் கேட்பது போல் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்கிறாள் மனைவி. மூன்று நாள் பார்ப்பேன், ஒன்றும் ஆகாது. நான்காம் நாள் எழுந்துபோய் பிரிட்ஜைத் திறந்துவிடுவேன். போன வாரம் பிள்ளைகளுக்காக ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த மக்கன் பேடா இனிப்பில் நான்கு போயிற்று. தொலைக்காட்சிதான் என்னைக் கெடுக்கிறது. கேபிளைத் துண்டித்துவிடலாமா?

எம்., குடியாத்தம்

அன்புள்ள எம்.,

துண்டிப்பதற்கு முன் உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். முதலில் வந்தது சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். தொலைக்காட்சி அதற்குப் பிறகுதான் வந்தது. வயிறு காய்ந்தது, கண் அலைகிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாமல், அதற்குப் பதிலாக இந்த வேலைக்கு முன்வந்தவர்கள் அவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டறிய வேண்டியிருந்தது. அதற்காக இவர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார்கள். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று நம் ஊரில் கைமாறும் டயட் அட்டைகள் சிலவற்றில் 1,200 என்று போட்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா?

சில வாரங்களில் அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கதைப் புத்தகம் படிப்பது போலச் சமையல் குறிப்புகளைப் படித்தார்கள். பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடு. சினிமாவுக்குப் போனால் காதல் காட்சியில் மனம் நிற்காது, திரையில் யார் எப்போது என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் கண்ணில் படும் என்று அவர்களில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தார். இளவயதுப் பையன்கள்! உங்களை 37ஆவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இது புதிதாகவும் தெரியவில்லை. ஆடிக் கிருத்திகையன்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து வள்ளிமலைக்குப் போவோம். படியேறும்போது வாயில் முருகன் பெயர் பாதி, மாலையில் வைக்கப்போகும் சாம்பார் மீதி. பருப்பை ஊறப்போட்டுவிட்டு வந்தோமா, வடைக்கு இஞ்சி இருக்கிறதா என்று கூட வந்த அத்தையிடம் நாலு முறை கேட்பார். அந்த விரதத்துக்கு ஒரு மாலைப்பொழுது இருந்தது. உங்கள் வெள்ளரிக்காய்க்கு அப்படி ஒன்று இல்லை.

அதற்காகத் தொலைக்காட்சி நிரபராதி என்று சொல்லவில்லை. 2009இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போட்டுக் காட்டி, பக்கத்தில் கொறிக்கவும் வைத்தார்கள். இடையில் உணவு விளம்பரம் பார்த்த பிள்ளைகள் மற்றவர்களைவிட 45 சதவீதம் அதிகம் தின்றார்கள். விளம்பரத்தில் வந்த பண்டம் அங்கே இல்லை. கைக்கு எட்டியதைத் தின்றார்கள். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. திரையில் பிரியாணி, கையில் மக்கன் பேடா.

ஒரு முறை ஆம்பூரில் (இப்போது திருப்பத்தூர் மாவட்டம், எங்களுக்கு இன்னும் வட ஆற்காடுதான்) ஒரு பிரியாணிக் கடையில் இப்படி ஒரு நிகழ்ச்சியைப் படம்பிடிப்பதைப் பார்த்தேன். அண்டா மூடியை ஏழு முறை திறந்து மூடினார்கள். மூன்றாம் முறையிலேயே ஆவி தீர்ந்துவிட்டது. தட்டுக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாமல் ஒரு டம்ளர் கொதிநீரை வைத்தார் உதவியாளர். உடனே சீரக சம்பா சோற்றிலிருந்து புகை எழுந்தது. தொகுப்பாளர் ஒரு கவளம் எடுத்தார். அது உதட்டைத் தொடும் முன்பே கண்களை மூடித் தலையை ஆட்டினார். காட்சி முடிந்ததும் கைக்குட்டையில் துப்பிவிட்டார். அன்றைக்கு அது ஐந்தாவது கடையாம், பாவம். வெளியே வேனில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதே கடையில், கேமராவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முக்கால் பிளேட்டோடு நிறுத்திவிட்டார். கத்தரிக்காயையும் தயிர் வெங்காயத்தையும் வழித்து முடித்துவிட்டு, "போதும்ப்பா" என்று கையைக் கழுவப் போனார். அந்தப் "போதும்" ஒன்று மட்டும் எந்த நிகழ்ச்சியிலும் வருவதில்லை. அங்கே யாருக்கும் வயிறு நிறைவதில்லை. எப்போதும் முதல் கவளம்தான்.

ஆகவே கேபிள் இருக்கட்டும். இரவு உணவைச் சரிசெய்யுங்கள். இரண்டு சப்பாத்தியோடு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ, அவித்த முட்டையோ, கொண்டைக்கடலையோ சேருங்கள். உங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, நீங்கள் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சுட்டுத் தோலுரித்து கொத்சு செய்தால் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், 118 என்பது அலட்சியம் செய்யும் எண் அல்ல. இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு அதே பத்து மணி நிகழ்ச்சியைப் போட்டுப் பாருங்கள். பாதியில் கொட்டாவி வந்தால் எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. மக்கன் பேடாவை பிரிட்ஜில் வைத்தது யார்? குளிர்ந்தால் கோவா இறுகி, உள்ளே இருக்கும் முந்திரி தனியாகக் கடிபடும். மருத்துவர் சரி என்றால், அடுத்த முறை ஆற்காட்டுப் பக்கம் போகும்போது ஒன்றே ஒன்று வாங்கிக் கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.