கியர் பொக்ஸ் வேலை படிக்க விரும்பும் மகன்: வெள்ளவத்தைத் தாயார் ஒருவருக்குப் பதில்

சாதாரண தரம் எழுதிய மகன் உயர்தரம் வேண்டாம், வாகனத் தொழில்நுட்பம்தான் என்று நிற்கிறான். "கராஜில் கிறீஸ் பூசிக்கொண்டு நிற்கவா இவ்வளவு காலம் படிப்பித்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிறீஸ் படத்தான் செய்யும், அம்மா. ஆனால் அவன் தொழில் படிக்கப் போகிறானா, எடுபிடியாக நிற்கப் போகிறானா என்பதை அறிய ஒரு கேள்வி போதும். அந்த இடத்தில் பயிலுநர் தன் கையால் மெனுவல் கியர் பொக்ஸைப் பிரித்து, அளந்து, அளவுகளை எழுதி, திரும்பப் பூட்டுகிறாரா?

பிரிப்பது யாருக்கும் வரும். எது தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும்.

நல்ல ஆசிரியர் கியர் பொக்ஸை இறக்கும் முன்பே பாடத்தைத் தொடங்கிவிடுவார். வண்டி நியூட்ரலில் ஓடும்போது இரைச்சல் கேட்டு, கிளச் பெடலை மிதித்ததும் நின்றால், இன்புட் ஷாப்ட் (எஞ்சினின் சுழற்சியை வாங்கும் தண்டு) அல்லது கவுன்டர் ஷாப்ட் (அதை மற்றக் கியர்களுக்குக் கடத்தும் தண்டு) பெயாரிங்கில் சந்தேகம். மிதிக்கும்போதுதான் இரைச்சல் வருகிறதென்றால் பெரும்பாலும் கியர் பொக்ஸுக்கு வெளியே இருக்கும் கிளச் ரிலீஸ் பெயாரிங். கியர் பொக்ஸைத் திறக்கவே தேவையில்லை. இதைப் பார்க்காமல் பிரித்தால் வாடிக்கையாளரின் காசுதான் வீண்.

அடுத்தது ஒயில். வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை இருப்பது வழமை. பொன்னிறத் தூள் ஒயிலில் மின்னினால் சின்க்ரோ ரிங், அதாவது கியர் மாறும்போது வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை வளையம், தேய்கிறது. இரும்புத் துண்டுகள் என்றால் பல்லோ பெயாரிங்கோ உடைந்திருக்கலாம்.

பிரிக்கும்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடம், கியரைத் தெரிவுசெய்ய நகரும் தண்டான செலக்டர் ஷாப்ட். அதை இழுத்தவுடன் உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னக் குண்டு தெறித்து மேசைக்கடியில் போய்விடும்; துணியால் மூடிக்கொண்டு இழுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் இன்டர்லொக் பின்னை மறந்து பூட்டினால் இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து கியர் பொக்ஸ் இறுகிவிடும். ஷாப்டில் இருக்கும் ஹப்பையும் அதன்மேல் வழுக்கிக் கியரைப் பூட்டும் ஸ்லீவையும் கழற்றுமுன் அடையாளம் இட வேண்டும். சேர்க்லிப்கள் (பாகங்களை இடத்தில் பிடித்து வைக்கும் வளையக் கிளிப்புகள்) பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தடிப்பு வேறுபடும், கலந்துவிடக் கூடாது.

பிறகுதான் அசல் வேலை. சின்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்திப் பிடித்து, இரண்டுக்கும் இடையிலான இடைவெளியைச் சுற்றிவர ஃபீலர் கேஜால் (குறித்த தடிப்புள்ள மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். பல டொயோட்டா கியர் பொக்ஸ்களில் குறைந்த எல்லை 0.8 மி.மீ. ரிங் தேயத் தேயக் கூம்பில் ஆழமாக இறங்கும், இடைவெளி குறையும். அந்த ரிங்கால் கியரின் வேகத்தைச் சமப்படுத்த முடியாது. கியர் மாற்றும்போது 'கறகற' என்று கடிக்கும். ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்கிற்கும் ஸ்லீவுக்கும் இடையே 1 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் பொதுவாக மாற்ற வேண்டியதுதான். சரியான எல்லையை அந்தந்த மொடலின் திருத்தக் கையேட்டில் (மனுவல்)தான் பார்க்க வேண்டும்.

ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதென்று வரும் வண்டியில் ரிங்கை மட்டும் மாற்றி அனுப்புவது பழைய தவறு. ஸ்லீவ் வந்து பூட்டும் டொக் பற்களின் முனை உருண்டிருக்கிறதா, ஃபோர்க் தேய்ந்ததா, குண்டின் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்க்காவிட்டால் வண்டி அதே குறையோடு திரும்பி வரும். பெயாரிங்கைக் கழுவிவிட்டுக் காற்றுக் குழாயால் சுழற்றி விளையாடும் பையன்களைக் கண்டால் அங்கே ஒழுங்கான மேற்பார்வை இல்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயாரிங் பழுதாகும், உடைந்து தெறித்தால் கண்ணும் போகும்.

ஆகவே மகனுக்குப் புஜபலம் இருக்கிறதா என்பதைவிட, 0.8க்கும் 0.08க்கும் வித்தியாசம் தெரிகிறதா, பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பொறுமை இருக்கிறதா என்று கவனியுங்கள். மனுவல்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அவனுடைய ஆங்கிலத்தையும் இப்போதே கவனிக்கலாம்.

ஒருகொடவத்தையில் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் கீழ் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது; மொரட்டுவையில் இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம். தனியார் இடமென்றால் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, தருவது என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழா என்று பார்க்காமல் காசு கட்ட வேண்டாம். அதில் நான்காம் மட்டம் தேர்ச்சி பெற்ற தொழிலாளி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். கராஜ் வழியாகப் போனால் மேற்படிப்பு அடைபடும் என்ற பயம் அதனால் தேவையில்லை. பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் கேளுங்கள். கொழும்பில் தமிழ் மொழியில் எல்லாம் கிடைப்பதில்லை.

ஒட்டோ, ஹைபிரிட் வந்துவிட்டதே என்று தந்தை சொல்கிறாராம். நியாயமான கேள்வி. கார்களில் மெனுவல் குறைகிறது. ஆனால் வீதியில் ஓடும் லொறி, பஸ், முச்சக்கரவண்டிகளைப் பாருங்கள். 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வண்டிகளைப் பலர் திருத்தித் திருத்தியே ஓட்டினார்கள். மெனுவல் மட்டும் தெரிந்தால் போதாது, மின்சாரப் பாடங்களும் வேண்டும். பெயாரிங், ஷாப்ட், கியர் அளக்கப் பழகிய கைக்கு மற்றதைப் படிப்பது லேசு.

சேர்க்குமுன் வார நாளொன்றில் மகனோடு போய் வேர்க்‌ஷொப்பைப் பாருங்கள். ஒரு கியர் பொக்ஸுக்கு எத்தனை பேர்? வருடக்கணக்காகக் கழற்றிப் பூட்டி அரைவாசிப் பாகம் தொலைந்த ஒரே பெட்டியா, பழுதோடு வந்த வண்டியினுடையதா? கடைசியாக, பழைய மாணவர் எழுதிய அளவுப் பதிவுத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு தாளே இல்லை என்றால் அடுத்த இடத்தைப் பார்க்கலாம்.