முகத்துக்கு அசிட் பூச முதல் ஒருக்கா வாசியுங்கோ

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசியில் மருந்தாளராக இருக்கிறேன், டொக்டர் இல்லை. முகத்தின் மேல்தோலை உரிக்கப் பூசுகிற அசிட், அதாவது 'பீல்' பற்றி, கவுண்டரில் நின்று கேட்கக் கூச்சப்பட்டு எழுதி அனுப்பின கேள்விகளுக்கு இந்தக் கிழமை பதில் சொல்கிறேன்.

கொக்குவில், 24 வயது: அக்கா, ஒன்லைனில 30 வீத கிளைக்கோலிக் பீல் எடுத்து வைச்சிருக்கிறன். அடுத்த மாதம் அண்ணாவின்ர கலியாணம். ஒருக்காப் போட்டா முகம் பளிச்செண்டு வருமோ?

தங்கச்சி, போத்தலை மூடி வையுங்கோ. தோலின் மேல்மட்டத்தில் செத்த கலங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கும். அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் இந்தக் கிளைக்கோலிக் அசிட்டின் வேலை. எவ்வளவு ஆழம் போகும் என்பதை வீதம் மட்டும் தீர்மானிக்காது, பி.எச்சும் (அமிலத்தன்மையின் அளவுகோல்) தீர்மானிக்கும். பி.எச் குறையக் குறைய கடி கூடும். அமெரிக்காவில் அழகுப் பொருட்களின் பாதுகாப்பை ஆராய்கிற நிபுணர் குழு, வீட்டில் பூசுகிற கிளைக்கோலிக் 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, பி.எச் 3.5க்குக் கீழே இறங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. 30 வீதம் பயிற்சி எடுத்த ஆள் பூசி, நேரம் பார்த்துக் கழுவிவிடுகிற அளவு. உங்கட போத்தலில் பி.எச் எழுதியிருக்கோ என்று பாருங்கோ. கனபேர் கொண்டுவந்து காட்டின போத்தல்களில் நான் காணவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் எங்கட நிறம். மாநிறத் தோலும் கறுத்தத் தோலும் சின்ன எரிவுக்கே கோபித்துக்கொண்டு கறுப்பைக் கொட்டும். உரிவு ஒரு கிழமையில் ஆறிவிடும், கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். கலியாண வீட்டில் வீடியோக்காரன் லைற்றை முகத்துக்கு நேரே பிடிக்கிற நாளுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

உடுவில்: அப்ப நன்மையே இல்லையோ? எல்லாத்துக்கும் பயம் காட்டுறியள்.

இருக்கு. சலிசிலிக் அசிட் எண்ணெயில் கரையும், அதனால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். கருமுள்ளும் சின்னப் பருவும் உள்ளவர்களுக்கு 2 வீதம் நல்ல வேலை செய்யும். லக்ரிக் அசிட் சொரசொரப்பைக் குறைக்கும், பரு விட்ட மேலோட்டமான தடத்தை மெல்ல மெல்ல வெளிறச் செய்யும். ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுக்கவேண்டும். குழி விழுந்த தழும்பை இது நிரப்பாது. வெள்ளையாகவும் ஆக்காது. வெள்ளையாக்கும் என்று சொல்லி விற்றால் திரும்பிப் பாராமல் வாங்கோ.

சுன்னாகம், ஒரு அம்மா: மகள் தேசிக்காயும் அப்பச்சோடாவும் கலந்து பூசுறாள். இயற்கைதானே பிள்ளை?

அம்மா, அலரியும் இயற்கைதான். தேசிக்காய்ப் புளியின் பி.எச் 2 அளவு, தோலின்ரை ஏறக்குறைய 5. அதோடு தேசிக்காயில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். ஒரு பிள்ளையின் கன்னத்தில் பார்த்தேன்: சாறு வழிந்த பாதை அப்படியே, தாடை வரைக்கும் ஒரு கபிலக் கோடு. தயிர் பூசினால் பரவாயில்லை, பெரிய பலனும் இல்லை. சோத்தோட சாப்பிடச் சொல்லுங்கோ.

பருத்தித்துறை: மச்சாள் கனடாவில இருந்து ரீ.சி.ஏ பீல் அனுப்பினவா. அவவுக்கு நல்லா வந்ததாம்.

வேண்டாம். ட்ரைகுளோரோஅசெட்டிக் அசிட் தோலின் புரதத்தை உறைய வைக்கும். பூசின இடம் பனி படிந்த மாதிரி வெளிறும். உறைந்ததைத் தண்ணியாலோ சோடாவாலோ திருப்பி எடுக்க ஏலாது. ஆழம் பிசகினால் தழும்புதான். 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இப்படியான பீல்களை வைத்தியக் கண்காணிப்பு இல்லாமல் வாங்கிப் பாவிக்கவேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது.

மச்சாளுக்குச் சரிவந்தது என்பதும் ஒரு கணக்கில்லை. மாசி மாதம் அங்க பீல் போட்டு வீட்டுக்குள்ள இருக்கிறதும், பங்குனி வெயிலில சைக்கிளில ஸ்ரான்லி வீதியால போறதும் ஒன்றோ?

சாவகச்சேரி: ஐந்து மாதம் கர்ப்பம். முகத்தில மங்கு விழுந்திருக்கு.

சலிசிலிக் பீல் இப்ப வேண்டாம். கர்ப்ப மங்கு பலருக்குப் பிள்ளை பிறந்தபிறகு தானாக மங்கும். சன்ஸ்கிறீன், குடை, அவ்வளவுதான். மற்றதைக் கிளினிக்கில் கேளுங்கோ.

நல்லூர், அவசரம்: நேற்று இரவு பூசினது. இப்ப சிவந்து எரியுது.

பூசி எரியத் தொடங்கின உடனேயே குழாய்த் தண்ணியில் 20 நிமிடம் கழுவியிருக்கவேண்டும். இப்ப முகத்தில் பூசுகிற எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. வாஸ்லின் மட்டும் மெல்லியதாய்ப் பூசுங்கோ. பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். உரிகிற தோலைக் கையால் இழுக்கவேண்டாம். கொப்புளம் வந்தாலோ, சீழ் பிடித்தாலோ, கண்ணில் பட்டிருந்தாலோ இதை வாசிக்கிறதை விட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

மானிப்பாய்: நீங்கள் என்ன சொன்னாலும் நான் போடத்தான் போறன். எப்பிடிப் போடுறது?

உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நானும் இப்படித்தான். முப்பது வயதில், புருவமும் மேலுதடும் நூல் போட்டு எடுத்த மறுநாளே 10 வீத லக்ரிக் பூசினேன். எரிந்தது, வேலை செய்யுது என்று சந்தோஷப்பட்டேன். உதட்டுக்கு மேலே மெல்லிய மீசை மாதிரி ஒரு கறுப்பு வந்து நாலு மாதம் இருந்தது. வாடிக்கையாளர் என்னோடு கதைக்கும்போது கண் அங்கதான் நிற்கும்.

ஆகவே நூல், வக்ஸ், சவரம் செய்த கிழமை வேண்டாம். 5 வீத லக்ரிக் அல்லது 2 வீத சலிசிலிக்கில் தொடங்குங்கோ. அஸ்பிரின் ஒத்துவராதவர்கள் சலிசிலிக்கைத் தொடவேண்டாம். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு பூசி இரண்டு நாள் பாருங்கோ. மூக்கோரம், வாயோரம், கண்ணோரம் வாஸ்லின் தடவி அடைத்துவிட்டு, கிழமைக்கு ஒரு இரவு மட்டும். ரெற்றினோல் (விற்றமின் ஏ வகைப் பூச்சு) பாவிக்கிறவர்கள் அதைச் சில நாள் முன்னமே நிப்பாட்டவேண்டும். பருவுக்கு ஐசோட்ரெற்றினோயின் குளிசை எடுக்கிறவர்கள் தங்கட டொக்டரைக் கேட்காமல் ஒன்றும் பூசக்கூடாது. பகலில் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன், வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இதுக்கு மனமில்லை என்றால் பீலையும் விடுங்கோ.

ஒன்று கட்டாயம் கேட்கவேண்டும்: லேபிள் இல்லாத டப்பாவில் வருகிற வெள்ளையாக்கும் கிறீம் பூசுறியளோ? அப்படியானவற்றில் ஸ்டெரோயிட்டோ பாதரசமோ இருக்கலாம். ஸ்டெரோயிட்டால் மெலிந்த தோலில் மெல்லிய அசிட்டும் நெருப்புத்தான். முதல் தோல் டொக்டரிடம் போய் அதை விடுகிற வழியைக் கேளுங்கோ.

கோண்டாவில்: பீல் போட்டும் தோல் உரியேல்லை. வேலை செய்யேல்லையோ?

உரியவேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதுதான் வீட்டு அளவு.

மறுபடி கொக்குவில்: அக்கா, அப்ப அந்த 30 வீதப் போத்தலை என்ன செய்ய?

திறக்காமல் கொண்டுவாங்கோ. தண்ணி விட்டு ஐதாக்கிப் பூசலாம் என்று மட்டும் யோசிக்கவேண்டாம். வீதம் குறைந்தாலும் பி.எச் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஏறாது.