வாசகர் கேள்வி-பதில்: எச்ஐவி தன் ஆர்என்ஏவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி: ஒரு செல்லுக்குள் எத்தனையோ ஆயிரம் ஆர்என்ஏக்கள் மிதக்கின்றன. அதில் தன்னுடையதை மட்டும் எச்ஐவி எப்படிப் பொறுக்கி எடுத்துத் துகளுக்குள் வைக்கிறது? எங்கள் பாடத்தில் ‘பேக்கேஜிங் நடக்கும்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது.
— பி.எஸ்ஸி. மாணவி, மாட்டுங்கா

பதில்: அந்த ஒரு வரிக்குள்தான் எச்ஐவி போன்ற ரெட்ரோவைரஸின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எச்ஐவி-1 ஆர்என்ஏவின் நீளம் சுமார் 9,200 எழுத்துகள். அதன் முன்முனையில் ஏறக்குறைய 330 எழுத்துகளில் எந்தப் புரதத்துக்கும் குறியீடு இல்லை. அந்தப் பகுதி தன்மேலேயே மடிந்து பல கொண்டைகளாக நிற்கிறது. இந்த மடிப்பும், அதைத் தொடர்ந்து வரும் காக் மரபணுவின் தொடக்கமும் சேர்ந்ததுதான் ‘சை’ எனப்படும் பேக்கேஜிங் சிக்னல். வைரஸ் எழுத்துகளை வாசித்துத் தேடுவதில்லை. வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பிடிப்பது காக் என்ற புரதம். அதன் ஒரு முனை செல் சவ்வில் ஒட்டும், நடுப்பகுதி பக்கத்துக் காக்குகளோடு கோத்துக்கொள்ளும். ஆர்என்ஏவைப் பிடிக்கும் வேலை நியூக்ளியோகாப்சிட் என்ற பகுதிக்கு உரியது. அதில் இரண்டு ஜிங்க் ஃபிங்கர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று சிஸ்டீனும் ஒரு ஹிஸ்டிடினும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சை மடிப்பில் ஜோடி சேராமல் வெளியே தெரியும் ஜி எழுத்துகளில் இவை போய் அமர்கின்றன. அந்தச் சிஸ்டீன்களில் ஒன்றை மாற்றினாலே போதும்: துகள் உருவாகும், உள்ளே போகும் வைரஸ் ஆர்என்ஏ வெகுவாகக் குறைந்துவிடும்.

முதலில் சில காக்குகள் மட்டும் ஆர்என்ஏவைப் பிடித்துச் சவ்வுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே மற்ற காக்குகள் வந்து குவிகின்றன. சில நிமிடங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காக்குகள் சேர்ந்து ஒரு மொட்டாகப் புடைத்து வெளியே வருகின்றன. கழுத்தை அறுத்து விடுவிக்க வைரஸிடம் சொந்தக் கருவி கிடையாது. காக்கின் பின்முனையான பி6, செல்லின் டிஎஸ்ஜி101 என்ற புரதத்தைக் கூப்பிட்டு அந்த வேலையை வாங்கிக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துகளுக்குள் போக வேண்டிய அதே முழுநீள ஆர்என்ஏதான் காக் புரதம் தயாரிக்கவும் பயன்படுகிறது. எது உள்ளே போவது, எது புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்குப் போவது? டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுப்பு தொடங்கும் இடத்தில் மூன்று ஜி வரிசையாக இருக்கின்றன. கடைசி ஜியில் தொடங்கி ஒரே ஒரு ஜியோடு பிறக்கும் ஆர்என்ஏ, தன் முனைத் தொப்பியை மடிப்புக்குள் மறைத்துக்கொள்கிறது. தொப்பி கிடைக்காததால் ரைபோசோம் தொடங்க முடியாது, சை மட்டும் காக்குக்குத் திறந்து நிற்கும். இரண்டு, மூன்று ஜியோடு பிறப்பவற்றில் தொப்பி வெளியே இருக்கும், அவை புரதத் தயாரிப்புக்குப் போகின்றன. ஓரிரு எழுத்து வித்தியாசம் ஒரு மூலக்கூறின் விதியையே தீர்மானிக்கிறது என்பது இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைக்கும் விஷயம்.

ஸ்ப்ளைசிங்கில் நடுப்பகுதி நீக்கி வெட்டி ஒட்டப்பட்ட ஆர்என்ஏக்கள் ஏன் உள்ளே போவதில்லை என்றும் அடுத்துக் கேட்பீர்கள். வெட்டும் இடம் சை வடிவத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. வெட்டினால் வடிவம் குலைந்துவிடும்.

கேள்வி: ஒரு துகளில் இரண்டு ஆர்என்ஏ இருப்பதாகப் படித்தேன். ஒன்று போதாதா?
— ஆசிரியர், சயான்

பதில்: ஒரு மரபணுத் தொகுதி உருவாக ஒன்று போதும். ஆனால் வைரஸின் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும்போது ஒரு ஆர்என்ஏவில் உடைப்பு இருந்தால் மற்றதற்குத் தாவித் தொடரலாம். உடைப்பு இல்லாவிட்டாலும் ஒரு சுற்றில் பலமுறை தாவுகிறது. இரண்டு ஆர்என்ஏக்களும் வேறுவேறு மருந்துக்கு எதிர்ப்பு கொண்டவையானால், தாவியதன் விளைவாக இரண்டையும் எதிர்க்கும் வைரஸ் பிறக்கலாம். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டும் சேர்வது பேக்கேஜிங்குக்கு முன்பே. சைக்குள் எஸ்எல்1 எனப்படும் கொண்டையின் உச்சியில் ஆறு எழுத்துகள் உண்டு: அமெரிக்கா, ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் ‘பி’ வகையில் ஜி-சி-ஜி-சி-ஜி-சி, இந்தியாவில் பெரும்பான்மையான ‘சி’ வகையில் ஜி-யு-ஜி-சி-ஏ-சி. எதிர்த்திசையில் வைத்தால் இரண்டுமே தன் பிரதியோடு தானே ஜோடி சேரக்கூடியவை. ஜோடி சேர்ந்த வடிவத்தைத்தான் காக் விரும்பிப் பிடிக்கிறது. அதனால்தான் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட துகள்களில் வைரஸ் ஆர்என்ஏ சரியாக இருக்கிறது.

கேள்வி: லென்டிவைரஸ் வெக்டர் தயாரிக்கிறேன். பி24 எலைசா அளவு நன்றாக வருகிறது. ஆனால் செல்களில் ஜீன் ஏறவே இல்லை. எங்கே பார்ப்பது?
— ஆராய்ச்சி மாணவர், பவாய்

பதில்: மற்ற வாசகர்களுக்காக: லென்டிவைரஸ் வெக்டர் என்பது எச்ஐவி குடும்பத்து வைரஸின் கூட்டைக் கொண்டு செல்லுக்குள் ஜீனை ஏற்றும் துகள். பி24 எலைசா அளப்பது காக் புரதத்தின் ஒரு துண்டை. உள்ளே ஆர்என்ஏ இருக்கிறதா என்று அது சொல்லாது. சை இல்லாவிட்டாலும் காக் செல்லின் ஏதோ ஒரு ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு துகளாகிவிடும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வெற்றுத் துகள்கள் என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதிசெய்ய, துகளிலிருந்து ஆர்என்ஏ பிரித்து, அதன் அளவைக் காட்டும் ஆர்டி-க்யூபிசிஆர் போடுங்கள். அதற்கு முன் கட்டாயம் டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி கொடுங்கள். டிரான்ஸ்ஃபெக்‌ஷனில் போட்ட பிளாஸ்மிட் (துகளைத் தயாரிக்கச் செல்லுக்குள் செலுத்தும் டிஎன்ஏ வளையம்) மீடியத்தில் மிதந்துகொண்டேயிருக்கும், அதையே வைரஸ் ஆர்என்ஏ என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அதிகம். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத ஒரு கன்ட்ரோல் குழாயும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆர்என்ஏ குறைவாக இருந்தால் உங்கள் ஜீனைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபர் பிளாஸ்மிடைச் சந்தேகப்படுங்கள். ஜீனோடு, ஆர்என்ஏவை இங்கே முடி என்று சொல்லும் அதன் பாலி-ஏ சிக்னலும் சேர்ந்து உள்ளே போயிருந்தால் ஆர்என்ஏ பாதியிலேயே அறுந்துவிடும். இது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஜீனில் இன்ட்ரான் இருந்தால் பேக்கேஜிங்குக்கு முன்பே வெட்டுப்பட்டுப் போகும், அதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஜீனைத் தலைகீழாகத்தான் செருக வேண்டும். சைக்குப் பின்னால் காக்கின் தொடக்கம் கொஞ்சம் மிச்சமிருப்பதை ‘தேவையில்லாதது’ என்று யாராவது வெட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள், அதுவும் சிக்னலின் பகுதியே. வைரஸ் வரிசையின் இரு முனைகளிலும் இருக்கும் எல்டிஆர்களுக்கு இடையே மொத்தம் 9 கிலோபேஸைத் (9,000 எழுத்துகளை) தாண்டினால் டைட்டர், அதாவது வேலை செய்யும் துகள்களின் அளவு, சரியும். ரெவ் பிளாஸ்மிட் விட்டுப்போனால் முழுநீள ஆர்என்ஏ நியூக்ளியஸை விட்டு வெளியே வராது. ஆனால் அப்போது காக்கும் குறையும் என்பதால் உங்கள் பி24 விழுந்திருக்கும். உங்கள் விஷயத்தில் அது காரணமாக இருக்காது.

பிளாஸ்மிடை வளர்க்கும்போதே எல்டிஆர்கள் ஒன்றோடொன்று கலந்து நடுப்பகுதி உதிர்ந்துபோவதும் உண்டு. ரீகாம்பினேஷன் குறைந்த பாக்டீரியா ஸ்ட்ரெயினில் 30 டிகிரியில் வளர்த்து, ஒவ்வொரு பிரெப்பையும் ரெஸ்ட்ரிக்‌ஷன் டைஜெஸ்ட் செய்து பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆர்என்ஏ சரியாக இருந்தும் ஜீன் ஏறாவிட்டால் கோளாறு கையாளுவதில் இருக்கிறது. துகள் தயாரிக்கும் 293டி செல்கள் தட்டில் 70-80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது டிரான்ஸ்ஃபர், காக்-போல், ரெவ், விஎஸ்வி-ஜி பிளாஸ்மிட்களை 4:2:1:1 எடை விகிதத்தில் தொடங்கிப் பாருங்கள். விஎஸ்வி-ஜி செல்லுக்கு நஞ்சு, கூட்டினால் செல்கள் ஒட்டிப்போய்ச் சாகும். குறைத்தால் உறையில் ஒட்டும் புரதமே இல்லாத துகள்கள்தான் மிஞ்சும். 48, 72 மணியில் அறுவடை செய்து 0.45 மைக்ரான் பிஇஎஸ் அல்லது பிவிடிஎஃப் வடிகட்டியில் வடியுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் வேண்டாம், துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சிறுசிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

கேள்வி: பேக்கேஜிங்கைத் தடுக்கும் எச்ஐவி மருந்து உண்டா?
— வாசகர், செம்பூர்

பதில்: சையைக் குறிவைக்கும் மருந்து எதுவும் இதுவரை சிகிச்சைக்கு வரவில்லை. காக்கை வெட்டும் நொதியை முடக்கும் புரோட்டீஸ் தடுப்பான்கள் அடுத்த கட்டத்தைத் தாக்குகின்றன. துகள் ஆர்என்ஏவோடு வெளியே வந்துவிடும், ஆனால் காக் துண்டாகாததால் கூம்பு வடிவ உட்கூடு உருவாகாது, தொற்றவும் தொற்றாது. லெனாகபவிர் என்ற மருந்து அந்த உட்கூட்டையே குறிவைக்கிறது.

கேள்வி: என் அண்ணனுக்கு பரேலில் இருக்கும் மருத்துவமனையில் கார்-டி சிகிச்சை பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதில் எச்ஐவி குடும்பத்து வைரஸைப் பயன்படுத்துவார்களாமே! அவருக்கு எச்ஐவி வந்துவிடாதா?
— வாசகி, தாராவி

பதில்: வராது அம்மா. கார்-டி என்பது நோயாளியின் டி செல்களில் (நோய் எதிர்ப்பு செல்களில்) ஒரு ஜீனை ஏற்றிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் சிகிச்சை. 1983-இல் மான், மல்லிகன், பால்டிமோர் மூவரும் ஒரு எலி ரெட்ரோவைரஸில் சைப் பகுதியை நீக்கியபோது, செல்கள் துகள்களைத் தொடர்ந்து உருவாக்கின, ஆனால் அவற்றில் வைரஸின் மரபணுத் தொகுதி இல்லை. இன்றைய வெக்டர்கள் அதன் மறுபக்கம். வைரஸ் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களில் சை கிடையாது, அவை துகளுக்குள் போவதில்லை. சை இருக்கும் ஆர்என்ஏவில் வைரஸ் புரத மரபணுக்கள் கிடையாது, புற்றுநோயை அடையாளம் காணும் ஜீன் மட்டும் இருக்கிறது. அது அண்ணனின் டி செல்லில் ஒருமுறை ஏறும், அங்கிருந்து புதிய வைரஸ் பிறக்காது. ஐஐடி மும்பையும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சையிலும் இத்தகைய லென்டிவைரஸ் வெக்டர்தான் பயன்படுகிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜீன் குரோமோசோமில் எங்கே அமரும் என்பது நம் கையில் இல்லை. அரிதாக டி செல் புற்று பதிவாகியிருப்பதால் நீண்டகாலக் கண்காணிப்பு அவசியம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த டி செல்களில் வைரஸின் சிறு துண்டு வரிசை தங்கியிருப்பதால், பிற்காலத்தில் சில வகை நியூக்ளிக் அமிலப் பரிசோதனைகளில் எச்ஐவி பாசிட்டிவ் என்று தவறாகக் காட்டலாம். சிகிச்சை விவரத் தாளை அண்ணன் பத்திரமாக வைத்திருக்கட்டும். எந்த லேபில் ரத்தம் கொடுத்தாலும் அதைக் காட்டி, ஆன்டிபாடியையும் பி24-யையும் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். ரத்த தானம் மட்டும் அவர் செய்யக் கூடாது.