பதில்: என் கதையில் வரும் குட்டி மேதையை யாருக்கும் பிடிக்கவில்லை

நண்பரே, விண்கலத்தை மூன்று முறை காப்பாற்றும் உங்கள் 12 வயதுச் சிறுமி படித்தவர்களுக்கெல்லாம் எரிச்சலூட்டுகிறாள், அவள் அறிவைக் குறைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கோளாறு அவளைச் சுற்றி நிற்கும் பெரியவர்களிடம் இருக்கிறது.

1987-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில், விண்கலத்தில் வாழும் மேதைப் பையன் வெஸ்லி க்ரஷர் இப்படித்தான் மாட்டிக்கொண்டான். அவன் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்த அதிகாரிகள் அந்தக் காட்சியில் மட்டும் மக்குகளாகிவிடுவார்கள். எழுதியவர் செய்த தப்பு பையன் தலையில் விடிந்தது. போதாக்குறைக்கு, வெஸ்லி என்பது தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் நடுப்பெயர். செல்லப்பிள்ளை என்ற சந்தேகம் வராமல் இருக்குமா?

அதே வெஸ்லியை 1992-இல் வந்த ‘தி ஃபர்ஸ்ட் டியூட்டி’ அத்தியாயத்தில் பாருங்கள். விண்கலம் ஓட்டும் பயிற்சியில் சக மாணவன் இறக்கிறான், உண்மையை மறைப்பதில் இவனும் கூட்டு. அங்கே அவன் மூளை அவனுக்கு உதவவே இல்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

உங்கள் முதல் மீட்பு அப்படியே இருக்கட்டும். இரண்டாவதைத் தலைமைப் பொறியாளருக்குக் கொடுங்கள். சிறுமி ஒரு துப்பு மட்டும் தரட்டும். மூன்றாவதில் அவள் கணக்கு சரியாக இருந்தும், மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதில் கோட்டைவிடட்டும். கேப்டன் “குழந்தைக்கு என்ன தெரியும்” என்று மறுப்பது மலிவான உத்தி. மறுக்க அவருக்கு ஒரு நியாயமான காரணம் வேண்டும். அப்புறம், பெரியவர்களின் பேச்சை அவள் திருத்தும் வசனங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள்.