பேர்னஸின் புகைக்குழாயை மைத்துனர் பொருத்தலாமா?

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறோம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயுப் பேர்னஸை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. வந்து பார்த்த ஒருவர், புதிய பேர்னஸுக்குச் செங்கல் புகைபோக்கி தேவையில்லை என்றும், பக்கத்து வீட்டாருடன் நாங்கள் பகிரும் வாகனப் பாதைப் பக்கமாகச் சுவரைத் துளைத்து இரண்டு வெள்ளைக் குழாய்களை வெளியே விடலாம் என்றும் சொல்கிறார். குழாய் வேலைக்கு மட்டும் அவர் கேட்கும் தொகை மிக அதிகம். கட்டட வேலை தெரிந்த என் மைத்துனர், அதே பி.வி.சி. குழாயைக் கடையில் வாங்கித் தானே பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது. மைத்துனர் நல்ல வேலைக்காரராக இருக்கலாம். ஆனால் ஒன்ராறியோவில் எரிவாயுச் சாதனத்திலும் அதன் புகைக்குழாயிலும் கைவைக்க எரிவாயுத் தொழினுட்பவியலாளருக்குரிய அனுமதிப்பத்திரம் வேண்டும். அவர் வாங்கி வரப்போகும் குழாயும் இந்த வேலைக்குரிய குழாய் அல்ல.

பழைய பேர்னஸின் புகை நல்ல சூடாக இருந்தபடியால் புகைபோக்கி வழியே தானாக மேலே ஏறிப் போனது. புதிய பேர்னஸ்கள் அந்தப் புகையிலிருந்த வெப்பத்தையும் உறிஞ்சி வீட்டுக்குக் கொடுத்துவிடுவதால், புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் அமிலத் தன்மையுள்ளது. பழைய உலோகக் குழாயையும் செங்கல்லையும் அரித்துவிடும். பிளாஸ்ரிக் குழாய் போடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் கனடாவில் அது யூ.எல்.சி. எஸ்636 என்ற தரச்சான்று பெற்ற குழாயாக இருக்க வேண்டும். அந்த எழுத்துகள் குழாயின் உடல் நெடுகிலும் அச்சிடப்பட்டிருக்கும். குழாயை வளைக்கும் முழங்கை மூட்டுகளும், பசைக்கு முன் தடவும் பூச்சும், ஒட்டும் பசையும் அதே தரச்சான்றுடன் அதே தயாரிப்பாளரிடமிருந்து வர வேண்டும். ஒரு நிறுவனத்தின் குழாயை இன்னொரு நிறுவனத்தின் பசையால் ஒட்டுவது விதிக்கு மாறானது. கழிவுநீருக்காக விற்கப்படும் பி.வி.சி. பார்வைக்கு இதைப் போலவே இருந்தாலும், நாள்தோறும் சூடாகிக் குளிரும் புகையைக் கொண்டு போவதற்கென்று அது சோதிக்கப்பட்டதல்ல.

நம்மவர் பலர் யூரியூப் காணொளியைப் பார்த்து இதில் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் பல தயாரிப்பாளர்கள் ஸ்கெடியூல் 40 எனப்படும் சாதாரண பி.வி.சி. குழாயை அனுமதிக்கிறார்கள். காணொளிகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவை. அங்கே சரியான வேலை இங்கே சட்டமீறல்.

குழாய் எந்தப் பக்கமாக வெளியேற வேண்டும் என்பதில் உங்களிடம் வந்தவர் சொன்னதும் தவறுதான். இரண்டு தனி வீடுகளுக்கு நடுவே அமைந்து இரண்டுக்கும் பயன்படும் நடைபாதைக்கோ தளமிட்ட வாகனப் பாதைக்கோ நேர் மேலே புகைக்குழாய் முடியக் கூடாது என்று பி149.1 என்னும் எரிவாயு விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. வெளிவரும் ஈரம் அங்கே உறைந்து பனிக்கட்டியாகும். நடப்பவர் சறுக்கி விழுவார். எனவே குழாயைப் பின்சுவர் வழியே விடச் சொல்லிக் கேளுங்கள். அங்கே குழாயின் வாய் நிலத்திலிருந்தும், வழமையாகப் பனி குவியும் மட்டத்திலிருந்தும் 12 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். வழமையான வீட்டுப் பேர்னஸ் என்றால் திறக்கக்கூடிய யன்னலிலிருந்தும் 12 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். பேர்னஸின் வெப்ப அளவு மணிக்கு ஒரு இலட்சம் பி.ரி.யு.வுக்கு மேற்பட்டதாயின் அந்த இடைவெளி 3 அடி. வீட்டினுள்ளே குழாய் ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம் வீதம் பேர்னஸை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, நடுச்சாமத்தில் பேர்னஸ் நின்றுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உங்கள் சுடுநீர்த் தாங்கியின் புகை எங்கே போகிறது? பழைய வீடுகளில் பேர்னஸும் தாங்கியும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொள்வது வழமை. பேர்னஸைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால், அந்தப் பெரிய புகைபோக்கியில் தாங்கியின் சிறிய புகை தனித்துவிடும். அதனைச் சூடாக வைத்திருக்க அந்தப் புகை போதாது. புகை பாதி வழியிலேயே குளிர்ந்து, சில வேளைகளில் நிலவறைக்குள் திரும்பி இறங்கும். அத்துடன் காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயுவும் வரலாம். தாங்கிக்குரிய அளவான உலோக உட்குழாயைப் புகைபோக்கியினுள் இறக்க வேண்டும், அல்லது விசிறி பொருத்திய தாங்கிக்கு மாற வேண்டும். விலை சொல்ல வருபவர்களில் பலர் இந்தச் செலவைக் குறிப்பிடுவதே இல்லை, ஏனெனில் குறிப்பிட்டால் அவர்களுடைய விலை மற்றவருடையதைவிட உயர்ந்துவிடும். பேர்னஸ் மாற்றிய பின் யன்னல்களை மூடி, சமையலறை விசிறியையும் குளியலறை விசிறியையும் போட்டுவிட்டு, தாங்கி எரியத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்து அதன் உச்சியில் புகைக்குழாய் தொடங்கும் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் தாங்கியை நிறுத்தி, வேலை செய்தவரை உடனே அழையுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தாங்கி மின்சாரத்தில் இயங்குவதாகவோ, ஏற்கெனவே விசிறியுடன் சுவர் வழியே புகையை விடுவதாகவோ இருந்தால், பேர்னஸ் போனபின் புகைபோக்கி வெறுமையாகிவிடும். அந்த நிலையில் அதற்குள்ளேயே எஸ்636 குழாயைக் கூரை வரை கொண்டு போகலாம். பின்சுவரில் இடமில்லாதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் வெறுமை என்றால் முழு வெறுமை. தாங்கியோ, கணப்பு அடுப்போ, வேறு எந்தச் சாதனமோ அதே புகைவழியில் புகை விட்டுக்கொண்டிருந்தால், ஓரத்தில் இடமிருக்கிறது என்று சொல்லிப் பிளாஸ்ரிக் குழாயை அதற்குள் இறக்க முடியாது. 'எப்போதாவதுதானே பாவிக்கிறோம்' என்பதும் விடையல்ல. குழாயின் மொத்த நீளமும் முழங்கைகளின் எண்ணிக்கையும் அந்தப் பேர்னஸின் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, உங்களிடம் வந்தவரைப் பற்றி. நீங்கள் அழைக்காமல் கதவைத் தட்டியவரா? ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல், அழைக்கப்படாமல் வீட்டுக்கு வந்து பேர்னஸ் விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. அப்படி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. இப்போது இவர்கள் தொலைபேசியில் 'அரசாங்க மானியம்', 'இலவசப் பரிசோதனை' என்று சொல்லி, அழைத்தது நீங்களே என்பதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். மாத வாடகை என்ற சொல்லைக் கேட்டால் பேனையைக் கீழே வையுங்கள். நோசி எனப்படும் பிணை அறிவிப்பை வீட்டின் உரிமைப் பதிவில் சத்தமின்றி ஏற்றி, வீட்டை விற்கும் நாளில் பல்லாயிரம் டொலர் கேட்ட நிறுவனங்கள் இருந்தன. முதியவர்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்ட பிறகே, 2024 இல் நுகர்வோர் பொருட்களுக்கான அந்தப் பதிவுகள் தடைசெய்யப்பட்டன. இவ்வளவு காலம் ஏன் எடுத்தது என்பதற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

பழைய பேர்னஸை மாற்றும் ஒவ்வொரு வேலையையும் வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பார்ப்பார் என்று நினைப்பதும் தவறு. அனுமதிப்பத்திரம் உள்ளவர் தம் வேலைக்குத் தாமே பொறுப்பு என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது. அந்த நம்பிக்கை பிழைத்தால் அனுபவிப்பது வீட்டிலிருப்பவர்கள். ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் 2008 இல் எரிவாயுக் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டதால் ஹோக்கின்ஸ் குடும்பத்தின் பெற்றோரும் இரு பிள்ளைகளும் இறந்தார்கள். காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கிய சட்டம் 2013 இல்தான் நிறைவேறியது. படுக்கையறைகளுக்கு அருகிலும், நிலவறை உட்பட ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வையுங்கள்.

மைத்துனரின் திறமையை வேறு வழியில் பயன்படுத்துங்கள். விலை சொல்பவரின் நிறுவனம், ஒன்ராறியோவின் எரிவாயுப் பாதுகாப்பை மேற்பார்க்கும் ரி.எஸ்.எஸ்.ஏ.யில் எரிவாயு ஒப்பந்தகாரராகப் பதிவானதா என்று அவர் பார்க்கட்டும். வேலைக்கு வருபவரிடம் ஜீ2 எனப்படும் எரிவாயுத் தொழினுட்பவியலாளர் அனுமதிப்பத்திரத்தைக் கேட்கட்டும்; ஜீ3 உள்ளவர் மேற்பார்வையின் கீழ் மட்டுமே வேலை செய்யலாம். குழாயை மறைத்துச் சுவர் எழுப்பும் முன், அதிலுள்ள எஸ்636 எழுத்துகளையும் ஒவ்வொரு மூட்டையும் அவர் படம் எடுத்து வைக்கட்டும். தாங்கிக்கான உட்குழாயின் செலவு தனி வரியாக எழுதப்படாத எந்த விலைப்பட்டியலிலும் கையெழுத்திட வேண்டாம்.