பிள்ளைகளுக்குக் காசநோய்: பெற்றோர் கேட்டவை

பினாங்கில் காசநோய்ப் பிரிவில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் தாய்: மாமனாருக்கு டிபி என்று போன வாரம் உறுதியானது. என் மகனுக்கு மூன்று வயது, இருமலே இல்லை. காட்ட வேண்டுமா?

இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், அம்மா. ஐந்து வயதுக்குள் கிருமி தொற்றினால் அது நோயாக மாறும் ஆபத்து அதிகம், அப்படி மாறினால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாறும். கைக்குழந்தை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசியைக் கைத் தோலில் போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். பலர் ஊசி போட்டுவிட்டு மறுபடி வருவதில்லை, அப்புறம் அந்த ஊசி வீண்தான். எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நோய் இல்லை என்றாலும் தடுப்பு மருந்து தரச் சொல்வார்கள். மறுக்காதீர்கள்.

செந்தூல் தந்தை: பிறந்ததுமே டிபிக்கான பிசிஜி தடுப்பூசி போட்டாச்சு, தழும்பும் இருக்கிறது. பிறகு எப்படி வரும்?

வரும். பிசிஜி முக்கியமாக மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து சின்னப் பிள்ளைகளைக் காக்கிறது. தொற்றையே முழுதாகத் தடுக்காது.

செத்தாப்பாக் தாய்: சளியே துப்பத் தெரியாத பிள்ளையிடம் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இதுதான் பெரிய சிக்கல். பிள்ளைகள் சளியை விழுங்கிவிடுவார்கள். அதனால் விடியற்காலையில், வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்று நீரை எடுப்போம். பிடித்துக்கொள்ளும் தாய்க்கும் கண் கலங்கும். மலத்தையே கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு அனுப்பலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பிள்ளைகள் உடம்பில் கிருமி குறைவு. சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நோய் இருக்கலாம். அதனால்தான் டாக்டர் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். மறைக்காதீர்கள். எடைப் புத்தகத்தையும் கொண்டு போங்கள். எடை ஏறாமல் நிற்பது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், விடாத காய்ச்சல், கழுத்தில் கட்டி, விளையாட்டில் சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள்.

பாலர் பள்ளி ஆசிரியை: வகுப்பில் ஒரு பிள்ளைக்கு டிபி. மற்ற பெற்றோர் பயப்படுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளிடமிருந்து பரவுவது அபூர்வம், டீச்சர். அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது ஒரு பெரியவராகத்தான் இருக்கும்: தாத்தா, பராமரிப்பவர், வேன் ஓட்டுநர், யாராகவும் இருக்கலாம். அவரைத்தான் தேட வேண்டும். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அவர்கள் விசாரிக்க வருவார்கள். பிள்ளையை ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள்.

மீண்டும் பட்டர்வொர்த் தாய்: தாத்தாவின் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கட்டுமா?

வேண்டாம், காற்றில்தான் பரவும். சன்னலைத் திறந்து வையுங்கள். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை அவர் முகக்கவரி போடட்டும், பேரன் வேறு அறையில் தூங்கட்டும். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் அவர் விழுங்குவதை நீங்களே பாருங்கள்.